ஏழு தவறுகளும் ஒரு கெட்டிலும்

"கூடவே வச்சு வேலை குடுத்தேன் சார், என் மச்சினியே எனக்குக் குழி பறிச்சிட்டா!"

பல் செட் செய்து தரும் லேபின் முதலாளி இப்படிக் கூவிக்கொண்டு உள்ளே வந்தபோது, துப்பறிவாளர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் நிதானம். உடன் துப்பறியும் மனைவிக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். பெயர் வைத்தவர்கள் தப்புப் பண்ணவில்லை. முதலாளி உட்காருவதற்குள் அந்த அம்மாள் செருப்பை மாட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு, லேப் கணினியில் இருந்த பல் வடிவங்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. பணம் கொடுத்தால்தான் சாவி என்று திரையில் மிரட்டல். மறுநாள் பதினெட்டுப் பேருக்குப் பல் செட் கொடுத்தாக வேண்டும். கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: முதலாளியும், வரவேற்பு மேசையில் இருக்கும் அவர் மனைவியின் தங்கையும்.

"காலையில ஏதோ மெயிலைத் திறந்தா. அதுல வந்திருக்கணும், இல்லைன்னா அவளே யார்கிட்டயோ சொல்லியிருக்கணும். இன்னியோட அவளை அனுப்பிடப் போறேன். வீட்டுல என்ன பூகம்பம் வந்தாலும் சரி."

மூவரும் லேபுக்குப் போனார்கள். எங்கும் வெள்ளைத் தூசி. ஈரக் கையில் காகிதம் கூழாகிவிடும் என்பதால், அங்கே எந்தக் குறிப்பையும், வேலை முடிந்து ஒதுக்கிய பிளாஸ்டர் தாடை அச்சுகளின் மேல்தான் எழுதுவார்கள். எலக்ட்ரீஷியன் நம்பர் ஒரு தாடையில், தண்ணீர் கேன்காரர் நம்பர் இன்னொன்றில். கணினிக்கு மேலே இருந்த தாடையில் கடவுச்சொல்லே நீல மையில் சிரித்துக்கொண்டிருந்தது. முடிவில் ஓர் ஏழு. பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் டீ கெட்டிலின் வயர். நகல் எடுத்து வைக்கும் டிஸ்க்கின் வயர் கீழே தொங்கியது. மச்சினி அழுது முகம் வீங்கி மூலையில் நின்றாள்.

சுவரில் ஒரு படம்: பரிசுக் கேடயத்தோடு முதலாளி, பின்னால் இதே கணினி.

"போன வாரம் எடுத்தது. லேபோட இணையப் பக்கத்துலயும் போட்டேன்" என்றார் முதலாளி, அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

நிதானம் அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். மூன்று மணி ஐந்து நிமிடத்திலிருந்து வரிசையாக ஏழு எச்சரிக்கைகள்: தவறான கடவுச்சொல். எட்டாவது செய்தி: உங்கள் கணினியில் வெளியிலிருந்து நுழைவு.

"சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண் அசந்துட்டேன், பார்க்கல..." என்றார் முதலாளி.

"ஏங்க, அப்ப இந்தப் பொண்ணு இல்லை!" என்று குதித்தார் எக்ஸ்பிரஸ். "தெரிஞ்சவ ஏழு தடவை தப்பாப் போடுவாளா?"

"சரி. மெயில்ல திருடியிருந்தா?"

"முழுசாக் கிடைச்சிருக்கும். அப்பவும் தடுமாற வேண்டாம்."

"ஒண்ணுமே தெரியாதவனா இருந்தா?"

"எட்டே தடவையில எப்படி முடியும்?"

"முடியாது. ஆக, ஒரே ஒரு எண் மட்டும் தெரியாதவன். பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாப் போட்டா, ஏழு எத்தனாவதா வரும்?"

எக்ஸ்பிரஸ் விரல் விட்டு எண்ணினார். "எட்டாவது!"

"கடைசி எண் மறைஞ்சு, மத்ததெல்லாம் தெரியுற இடம் எது?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். படத்தில் நீல எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஏழை மட்டும் முதலாளியின் தோள் மறைத்திருந்தது. உள்ளே வரத் தேவையான மெயில் முகவரியும் அதே இணையப் பக்கத்தில் இருந்தது.

முதலாளி நாற்காலியில் சரிந்தார். "நானேதானா? சரி, அந்தப் பதினெட்டுப் பேருக்கு என்ன சொல்வேன்?"

நிதானம் மச்சினியிடம் திரும்பினார். "இந்த டிஸ்க்கை யாரும்மா கழட்டினது?"

அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. "மன்னிச்சிடுங்க மாமா. கழட்டவே கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. இருக்கிறது ஒரே பிளக். தினமும் மூணு மணிக்குக் கழட்டிட்டு டீ போடுவேன், குடிச்சதும் மாட்டிடுவேன். இன்னிக்கு இந்தக் கலவரத்துல மாட்டல. திட்டுவீங்கன்னு சொல்லல."

"நகல் எப்ப எடுக்கும்?"

"ரெண்டு மணிக்கு, தானாவே."

"மாட்டியே இருந்திருந்தா இதையும் பூட்டியிருப்பான். நீ கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் வந்திருக்கான்."

முதலாளி டிஸ்க் மேல் பாய்ந்தார்.

"தொடாதீங்க!" நிதானம் கத்தியதை எக்ஸ்பிரஸே அன்றுதான் கேட்டார். "இந்தக் கணினியில மாட்டினா இதுவும் போயிடும். நெட் வயரைப் பிடுங்கிட்டு சைபர் போலீசுக்குச் சொல்லுங்க. அவனுக்குப் பணம் அனுப்பாதீங்க. இதை வேற சுத்தமான கணினியில திறக்கணும். அப்புறம் கடவுச்சொல்லை மாத்திட்டு, போனுக்கு வர்ற நம்பரும் கேட்கிற மாதிரி வைங்க."

எக்ஸ்பிரஸ் அதற்குள் வீட்டு லேப்டாப்பை எடுக்க ஓடியிருந்தார். கால் மணி நேரத்தில் பதினெட்டுப் பேரின் பற்களும் ஒன்று குறையாமல் திரையில் வந்தன. அப்பாடா என்று முதலாளி விட்ட மூச்சில் மேசைத் தூசி பறந்தது.

அவர் எழுந்து, தாமே கெட்டிலில் தண்ணீர் ஊற்றினார். முதல் டம்ளரை மச்சினியிடம் நீட்டினார்.

"தப்பா நினைச்சிட்டேம்மா. நாளையிலேருந்து மூணு மணிக்கு டீ போடலைன்னாத்தான் உனக்கு வேலை போகும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முதல்ல அந்தத் தாடையை உடைங்க மாமா."

உடைத்தார்.