ஐந்தாவது குண்டு

"ஐயோ... அலோயிஸ்!"

கமீல் அலறினான். அலறி என்ன பயன்? அலோயிஸின் மண்டையைப் பிளந்ததே அவன்தான்!

மேஜையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. தரையில் அலோயிஸ்.

கமீலின் கையில் பித்தளைப் பூச்சாடி. முதல் உலகப் போரில் யாரோ ஒரு சிப்பாய், சுட்டு முடித்த பீரங்கிக் குண்டின் கூட்டில் ஓக் இலைகளைச் செதுக்கிச் செய்தது. நடுவில் ஒரு வெள்ளிக் காசைப் பதித்திருந்தான். காசின் மேல் அச்சு குத்திய எண்... 4417.

கமீலின் கொள்ளுத் தாத்தாவுடைய ராணுவ எண்! மனிதர் பெல்ஜியத்தின் இந்த லாங்கமார்க் மண்ணில்தான் காணாமல் போனார். எலும்புகூடக் கிடைக்கவில்லை. குடும்பத்துக்கு மிச்சம் அந்தக் காசு ஒன்றுதான். பதினெட்டு வருஷமாகக் கமீல் கேட்கிறான். பழைய போர்ப் பொருள்களைச் சேகரிக்கும் அலோயிஸ் தரவில்லை.

இன்றும் அழைத்து உட்கார வைத்துவிட்டுச் சிரித்தார். "டேய், பிறந்தநாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. முதல்ல காபியக் குடி!"

பொறுமை போனது. கை முந்திக்கொண்டது.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்திருக்க வேண்டும். சைரன்!

கமீல் காரில் பறந்தான். தூரத்தில் பாலத்தை மறித்துப் போலீஸ் ஒவ்வொரு வண்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பிரேக்!

சாலையோர மின்கம்பத்தடியில் துருப்பிடித்த குண்டுகள் கிடந்தன. உழும்போது கிளம்பும் பழைய குண்டுகளை இந்த ஊர் விவசாயிகள் அங்கேதான் வைப்பார்கள். ராணுவ லாரி வந்து அள்ளும்வரை ஒரு ஈ காக்கா தொடாது. லாரி வருவது வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

பூச்சாடியைச் சேற்றில் புரட்டி, குண்டுகளோடு படுக்க வைத்தான். சோதனையில் தப்பினான். போலீஸ் கலைந்ததும் மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தான்.

கம்பத்தடி காலி!

"ரெமி! குண்டெல்லாம் எங்கய்யா?"

டிராக்டரிலிருந்து விவசாயி ரெமி எட்டிப் பார்த்தார். "லாரி ரெண்டு மணிக்கே வந்துட்டுப் போயிடுச்சே! ஒண்ணு விஷவாயுக் குண்டு மாதிரி இருக்குன்னு போன் பண்ணேன், ஓடி வந்துட்டாங்க. அதை விட்டுட்டு மத்ததை நாலு மணிக்கு முகாம்ல வெடிக்க வெச்சுடுவாங்களாம்."

நாலு மணி... தாத்தா இரண்டாம் முறை சாகப் போகிறார்!

ராணுவ முகாம் வாசலில் காவல் சிப்பாயின் காலில் கமீல் விழுந்தான். மணி மூன்று ஐம்பத்தைந்து.

"நிறுத்தச் சொல்லுங்க! அதுல ஒண்ணு குண்டில்ல... பூச்சாடி!"

"எந்திரிங்க சார். பூச்சாடி எப்படி அங்க போகும்?"

"நான்தான் வெச்சேன்! எங்க குடும்பத்துக்கு வேற எதுவும் இல்ல சார்... கெஞ்சிக் கேக்குறேன்!"

காவல் அறைக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் ஹில்ட வந்தாள். கையில் கழுவித் துடைத்த பூச்சாடி!

"ரெமி போன்ல சொன்னது நாலு குண்டு. லாரியில வந்தது அஞ்சு. இந்த ஊர் விவசாயி மாட்டை எண்ண மறந்தாலும் குண்டை எண்ண மறக்கமாட்டான், கமீல். அலோயிஸ் வீட்டு அலமாரியில ஒரு இடம் காலி. யாரு தேடிட்டு வருவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்."

கமீல் உடைந்தான். "எத்தனை வருஷம் வேணா உள்ள போடுங்க மேடம். அந்தக் காசை மட்டும் ஒரு தடவை தொட்டுக்கிறேன்."

"இதுவா? இது நகல். அசலை அலோயிஸ் முன்னாடியே கழட்டிட்டாரு."

பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். பரிசுக் காகிதம். "அவர் கோட்டுப் பையில இருந்துச்சு."

பிரித்துக் காட்டினாள். வெள்ளிக் காசு... 4417. கூடவே ஒரு சீட்டு.

'கமீலுக்கு. பதினெட்டு வருஷம் கெஞ்ச விட்டேன், மன்னிச்சுடுடா.'

டமார்!

மைதானத்தில் குண்டுகள் வெடித்தன. கமீல் அதைக்கூடக் கேட்கவில்லை. காசை நோக்கி இரு கைகளையும் நீட்டினான்.

ஹில்ட பொட்டலத்தை மூடினாள்.

"இது சாட்சிப் பொருள், தர முடியாது. ஆனா நீட்டின கை வெறுமனே போக வேண்டாம்..."

க்ளிக்!

"பிறந்தநாள் வாழ்த்துகள், கமீல். இது ஜோடியா வரும்!"