நிழல் வழித் திட்டம்

இந்த நகரத்தில் வெயில் எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் இருவருக்குத்தான் உண்டு. ஒருவர் சூரியன். இன்னொருவன் நகர அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவன். அனுபவத்தில் சூரியன் மூத்தது என்பதை அவன் மறுத்ததில்லை. ஆனால் அதற்கு மென்பொருள் தெரியாது.

அலுவலகத்தில் அவனை 'மேப்பு' என்றார்கள். கேலிப் பெயர்தான், அவன் அதைப் பட்டமாகச் சூடிக்கொண்டான். ட்ரோன் வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் கட்டடங்களின் உயரம், மரங்கள், தரைச் சூடு என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எந்த நேரத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு நிழல் என்று கணக்குப் போட்டு, கோடையில் சனங்கள் சுருண்டு விழாமல் நடந்துபோக ஒரு பாதை வகுப்பது அவன் வேலை. திட்டத்தின் பெயர் 'நிழல் வழி'.

அந்தக் கணக்கில் ஒரு சின்ன உறுத்தல்.

சுவர்த் தெரு என்று ஒன்று. ஒரு பக்கம் கடைகளும் வீடுகளும். மறுபக்கம் இடுப்பளவே நிற்கும் பழைய சுவர், அதன் பின்னால் புல்கூட முளைக்காத வெற்று மனை. படம் உச்சி வெயிலில் எடுத்தது. மற்ற தெருக்களில் நிழல்கள் அந்தந்தக் கட்டடத்தின் காலடியில் ஒடுங்கிக் கிடக்க, இங்கே மட்டும் ஒரு நிழல் சுவரோரமாகப் பாதித் தெருவை மூடிக்கொண்டு நீட்டிப் படுத்திருந்தது. அங்கே நிழல் இருக்கவே முடியாது என்றது மென்பொருள். நிழலைப் போடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

தரைச் சூட்டின் அடுக்கைப் போட்டுப் பார்த்தான். ஊர் முழுக்கச் சிவப்பு. சுவரோரம் மட்டும் நீலம்.

அவனுக்குத் தெரியாத தெருவல்ல. அடுத்த தெருவில்தான் அவனும் அக்காவும் குடியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீடு என்று அவனுக்கு மிச்சமிருந்தது அக்காதான். அவள் காலை முறையில் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போய் வர வேண்டும். அங்கே நடப்பவர்களைப் பார்த்து அவன் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான். தார் இளகும் வெயிலில், கடைப் பக்கமாகவே, ஒருவர் பின் ஒருவராக, ஒரு கையைக் கன்னத்தோரம் மறைப்பாக வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி போவார்கள். எதிரே நிழல் காலியாகக் கிடக்கும். வெயில் சாய்வதற்குள் அந்தத் தெருவில் ஒரு கதவு பாக்கியில்லாமல் அடைபட்டுவிடும். சாப்பாட்டு இடைவேளையில் அவன் அந்த நடையை நடித்துக் காட்டினால் கணக்குப் பிரிவே கைதட்டும்.

ஒருநாள் அங்கிருந்த தையல்காரரிடம் கேட்டே விட்டான்.

"அண்ணே, அந்தப் பக்கம் அவ்வளவு நிழல் இருக்கே, ஏன் ஒருத்தரும் போறதில்ல?"

அவர் ஊசியில் நூல் கோத்தபடி, நிமிராமல் சொன்னார். "இந்தப் பக்கம் வெயில் நல்லா இருக்கு தம்பி."

வீட்டில் வந்து சொன்னதும் அக்கா சோற்றுக் கரண்டியோடு சிரித்தாள். "பாவம்டா, மண்டை காஞ்சு போச்சு போல."

திட்டத்தை உடனே கேட்டார் அவன் மேலதிகாரி என்ஜினியரம்மா. "உன் கணக்கும் படமும் சண்டை போடுதே மேப்பு. ரெண்டையும் சமாதானம் பண்ணிட்டு வா."

பண்ணினான். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பிடிபடாத வரை அதற்குத் 'திருத்தம்' என்று பெயர். வெற்று மனையில் இல்லாத ஒரு கட்டடத்தை வரைந்து, அதன் நிழல் படத்து நிழலோடு பொருந்தும் வரை உயரத்தை ஏற்றிக்கொண்டே போனான். ஊரில் எந்தக் கட்டடத்துக்கும் இல்லாத உயரம் வந்தது. அப்போதும் ஓரங்கள் பொருந்தவில்லை. இழுத்தான், குறுக்கினான். கீழே அகலம், மேலே இருபுறமும் சரிவு, பிறகு சட்டென்று ஒடுக்கம், அதன் மேல் ஓர் உருண்டை. கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டடங்களுக்குத் தோள் இருப்பதில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நவீன வடிவமைப்பு என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். என்ன வகை என்று மென்பொருள் கேட்டது: வீடு, கடை, கிடங்கு, மற்றவை. 'மற்றவை' என்று அமுக்கினான். வசிப்போர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டான். சிவப்புப் பிழைக்குறி அணைந்தது.

நிழல் வழி பிறந்தது. வண்ணம் பூச வந்தவர்கள் சுவரோரத் தரையில் வெள்ளைப் பாதச் சுவடுகள் வரைந்தார்கள். எதிர்ப்பக்க வெயிலில் நின்றபடி, நீளக் கம்பில் தூரிகையைக் கட்டி வரைந்தார்கள்.

அந்தச் சுவடுகளில் நடந்த ஒரே ஆள் அக்கா. "யாரும் நடக்கலன்னா போகட்டும். என் தம்பி போட்ட ரோடு, நான் நடக்கறேன்."

முதலில் சீக்கிரம் வந்துகொண்டிருந்தாள். பிறகு தாமதமானது. ஊரே வியர்வையில் நனைந்து கிடந்த மதியங்களில் அவள் ஒரு துளி வியர்வை இல்லாமல் படியேறி வருவாள். கூடவே நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததுபோல ஈரச் சுண்ணாம்பு வாடையும், அதற்கடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பழைய மூச்சின் வாடையும் வீட்டுக்குள் வரும். அவள் கொடுத்த தம்ளர் சில்லென்றிருந்தது. அதில் இருந்தது வெந்நீர்.

"ஏன்க்கா இவ்வளவு நேரம்?"

"பேசிக்கிட்டு நின்னுட்டேன்."

"யார்கூட?"

யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். "நிழல்ல நிக்கறப்ப தெரிஞ்சுதுடா."

அந்த வழியாகப் போகாதே என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் வரைபடம் தப்பு என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டான். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் மதியம் திட்டத்தின் பலனைப் பதிவு செய்ய ட்ரோன் மறுபடி பறந்தது. படம் உடனே அவன் திரைக்கு வந்தது.

நிழல் வளர்ந்திருந்தது. அவன் வரைந்த உருவத்தின் ஓரத்தைத் தாண்டி, கடைப் பக்கம் ஒரு முழம் வந்திருந்தது.

மேலிருந்து எடுத்த படத்தில் மனிதர்கள் என்றால் உச்சந்தலைகள்தான். வெயில் பக்கம் கறுப்புப் புள்ளிகளாக வரிசையில் தெரிந்தன. நிழலுக்குள்ளும் புள்ளிகள் இருந்தன. வெளிறிய புள்ளிகள்.

பெரிதாக்கினான்.

உச்சந்தலைகள் அல்ல. முகங்கள். சுவரை ஒட்டி வரிசையாக நின்று, எல்லோரும் அண்ணாந்து, நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் மருந்துக் கடையின் பச்சைச் சீருடை.

போன் போட்டான். எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்க?"

"நிக்கறேன்."

"எதுக்கு?"

"நிழலா இருக்கு."

அவள் குரலுக்குப் பின்னால் பலர் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தான். நீக்கு. திரை பதில் சொன்னது: 'இதில் வசிப்போர் உள்ளனர். நீக்க இயலாது.'

அந்தக் கட்டத்தை அவன் நிரப்பியதே இல்லை.

ஓடினான். படிகள். சாலை. வெயில் மண்டையில் அறைந்தது. சுவர்த் தெரு. சத்தமில்லை. செருப்புகள் தரையில் தேயும் ஓசை மட்டும்.

அக்கா நின்றிருந்தாள். வெள்ளைச் சுவடுகளின் மேல், பாதம் பிசகாமல். சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் அதே நேரத்தில் சிரித்தார்கள்.

"வந்துட்டியாடா? வா. எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. நீதான் இடம் போட்டுக் குடுத்தியாமே."

நிழலின் ஓரம் அவன் கட்டைவிரலுக்கு முன்னால். அதிலிருந்து குளிர் எழுந்து முழங்கால் வரை நக்கியது. ஒரு கால் எடுத்தான்.

சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். தையல்காரர்.

"பாக்காத. இந்தப் பக்கம் வா."

"அண்ணே, என் அக்கா..."

"என் வீட்டுக்காரியும் அங்கதான் நிக்கறா. அதோ, கூப்பிடறா. இங்க நடக்கற எல்லாருக்கும் அங்க ஆள் இருக்கு." அவர் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கடை வரைக்கும் நட. திரும்பாத."

வரிசையில் ஓர் இடம் விட்டார்கள். அவன் புகுந்துகொண்டான். அவன் தலையைக் குனிந்தான். கையைத் தூக்கிக் கன்னத்தோரம் மறைப்பாக வைத்துக்கொண்டான். நடந்தான்.

"டேய். என்னைப் பாருடா."

தார் சுட்டது. நல்லது. இன்னும் சுடட்டும்.

"தனியா விட்டுட்டுப் போறியாடா?"

தரையைப் பார்த்தான். வெயிலும் நிழலும் பிரியும் கோடு கூடவே வந்தது. கத்தியால் கீறியதுபோல. அதை மட்டும் பார்த்தான்.

முன்னால் போனவர்கள் நின்றார்கள்.

எங்கோ ஒரு கடையின் இரும்புக் கதவு தடதடவென்று இறங்கியது. இன்னொன்று. தையல்காரர் ஓடத் தொடங்கினார். அவன் பின்கழுத்தில் எரிச்சல் தணிந்தது. இதமாக இருந்தது. ஊரே மாதக்கணக்கில் ஏங்கிய மேகம், முதல் மேகம், சூரியன் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

கோடு மங்கியது.

இன்னும் மங்கியது.

இல்லை.

தெரு முழுக்க ஒரே நிழல். அக்கா கூப்பிடுவதை நிறுத்தினாள். சுவரோரத்திலிருந்து பல பாதங்கள், அவசரமில்லாமல்.

அவன் கன்னத்தோரம் வைத்திருந்த கையை, ஒரு குளிர்ந்த கை பிடித்து, மெல்லக் கீழே இறக்கியது.