உதறாத லிப்ட்

பதுளை நகரத்துப் புடவைக் கடையின் பின்பக்கம் லிப்ட் மெக்கானிக் கஜேந்திரன் பையை இறக்கிவைத்தபோது, பட்டப்பகலிலேயே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கிழட்டு லிப்ட் கிளம்பும்போதெல்லாம் ஆளைத் தூக்கிப்போடும். மேல்மாடித் தையலறையில் வேலைசெய்யும் அவன் மனைவி சிவசக்திக்கோ ஏழாம் மாதம். படியும் ஏற முடியாது, உதறலும் ஆகாது. மோட்டாரை மெல்ல மெல்ல வேகமெடுக்க வைக்கும் புதுக் கருவியை முதலாளியிடம் நச்சரித்து வாங்கவைத்ததே அவன்தான்.

காசு வாங்கும் ஸஜீதா கதவோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“உதறல எடுக்க வாணாம் அண்ணன். தரை துடைக்கிற ராசம்மா, லிப்ட்டுக் குழியில விழுந்து செத்தவ, உள்ளுக்குத்தான் நிக்கிறா. வெறும் பெட்டிய ஒருக்கா ஓடவிட்டுத்தான் நாங்க ஏறுவோம். உதறினாத்தான் அவ புடிய விடுவா.”

“பேய்க்கும் குலுக்கல் ஒத்துக்காதா தங்கச்சி?” என்று அவன் கிண்டலடித்தான்.

பெட்டிக்குள் ஏறியவர்களின் பாரம் காட்டும் பலகையைப் பார்த்தான். வெறும் பெட்டி. நாற்பத்திரண்டு கிலோ.

பொத்தானை அழுத்தியதும் பெட்டி உதறிக் கிளம்பியது.

பூச்சியம்.

வயரில் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்தபடி புதுக் கருவியைப் பூட்டினான். வேகம் கூடும் நேரத்தை நன்றாக நீட்டிவைத்து, வெறும் பெட்டியை மேலே அனுப்பினான். அது கிளம்பியதே தெரியவில்லை. குழியிலிருந்து ஈரத் துடைப்பத் துணியின் நாற்றம் மட்டும் வந்தது.

பலகையில் மறுபடி ஏறியிருந்த நாற்பத்திரண்டு அப்படியே நின்றது.

மேல்மாடிக்குப் போயும் நின்றது.

பெட்டியைத் திரும்ப இறக்க அவன் கையை நீட்டினான். அதற்குள் மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சிவசக்தி ஏறிவிட்டாள்.

சத்தமே இல்லாமல் பெட்டி கீழே வந்து சேர்ந்தது. “தொட்டில்ல வந்த மாதிரி இருக்குங்க” என்று சிரித்தபடி அவள் இறங்கினாள். பலகை பூச்சியம் காட்டியது. அப்பாடா என்று அவனுக்குப் போன உயிர் திரும்பிற்று.

ஸஜீதா பலகையைப் பார்க்கவில்லை. சிவசக்தியின் தோளைப் பார்த்தபடி பின்வாங்கினாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிவசக்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “ஒரேயடியா பாரமா இருக்குங்க.”

மறுநாள் காலை தாய்மார் கிளினிக்கில் கஜேந்திரனின் கண்முன்னே அவளைத் தராசில் ஏற்றினார்கள். போன கிழமை ஐம்பத்தெட்டு. இன்றைக்கு முள் நூறில் போய் நின்றது.

நர்ஸ் தலை நிமிராமல் அலுத்துக்கொண்டாள். “பின்னால நிக்கிற அம்மா, தராச விட்டு எறங்குங்க.”

சிவசக்தியின் பின்னால் சுவர்தான் இருந்தது.

உதறினாத்தான் அவ புடிய விடுவா. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை அவன் எப்படி உதறுவான்?

முள் அசையவில்லை.