நடைப்பொருத்தம்

குடும்பப் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். அன்று யார் யார் இருந்தார்கள் என்பதில் குழப்பம் கூடாது. திருவல்லிக்கேணி தணிகாசலம், அவர் மகள் அருள்செல்வி, அவள் விரும்பிய கதிரேசன், அவன் தகப்பனார் ஏழுமலை, தாயார் பச்சையம்மாள். ஐவர்தான்.

கத்திரி வெயில், பிற்பகல் இரண்டு மணி. உமிழ்காட்டி என்ற கண்ணாடிக் கருவிக்கு அந்த வெயில் வேண்டும். நாக்கில் தொட்ட ஒரு துளியை அதன் விளிம்பில் தடவினால் போதும். அந்த இரத்த வழியினர் முப்பது ஆண்டுகளில் எங்கெல்லாம் துப்பினார்களோ, கழுவியிருந்தாலும், கண்ணாடி வழியே அங்கெல்லாம் அந்தக் குடும்பத்துக்குரிய நிறத்தில் ஒளிரும். பழையது மங்கலாக, புதியது பளிச்சென்று. அது வந்தபின் ஜாதகக் கட்டங்கள் பரணுக்குப் போயின. இரு வீட்டாரும் சேர்ந்து தெருத்தெருவாக நடந்து பார்ப்பதே பொருத்தம்.

நடந்தே தீர வேண்டும் என்று நின்றவர் தணிகாசலம். ஏழுமலை முப்பது வருடம் குப்பை லாரி ஓட்டியவர். வாயில் எந்நேரமும் வெற்றிலை.

"அவங்க நிறம் பத்து இடத்துல தெரிஞ்சா இந்தப் பேச்சை விட்டுடணும். இல்லேன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

அவர்கள் நிறம் சிவப்பு. இவர் வீட்டு நிறம் நீலம்.

ராயப்பேட்டை தாண்டியும் சிவப்பு ஒன்றுகூட இல்லை. நீலம்தான் தெருவுக்குத் தெரு.

"எங்க வீட்ல வெத்தலையே தொட மாட்டோம். மிஷின் கோளாறு" என்றார் தணிகாசலம்.

"மிஷினு வெத்தலைய எங்க பாக்குது ஐயா, எச்சிலத்தானே பாக்குது?" ஏழுமலை இடுப்பிலிருந்த தகர டப்பாவைத் தட்டினார். "நான் இதுலதான் துப்புவேன். ரோட்ட யாரு கழுவணும்னு எனக்குத் தெரியாதா?"

இறைச்சிக் கடை வாசல். துப்புரவுப் பணியாளர் குடியிருப்பின் நுழைவு. சாதி மாறிக் கட்டிக்கொண்ட தங்கையின் வீட்டு மதில். தணிகாசலம் எங்கெல்லாம் முகம் சுளித்துத் 'தூ' என்று கடந்தாரோ அங்கெல்லாம் நீலம், கோழையாக வழிந்தும் தாரையாகச் சிதறியும். அருவருப்பிலும் எச்சில் உண்டு என்று அவர் ஒரு நாளும் எண்ணியதில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் ஏழுமலையின் வீட்டு நிலைப்படிதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தியவை, மூன்று நீலத் துப்பல்கள்.

"யாரோ குடிகாரப் பயன்னு நெனச்சேன்" என்றாள் பச்சையம்மாள். "மூணு நாளு தொடர்ந்து வந்தான். பினாயில் ஊத்திக் கழுவி மாளல."

அருள்செல்வி காதலைச் சொன்ன வாரம் அது. "வீடு எப்படின்னு பாத்துட்டு வரேன்" என்று தகப்பனார் மூன்று மாலைகள் கிளம்பிப் போனது அவளுக்குத் தெரியும்.

"அப்பா, செவப்பு எத்தனைன்னு எண்ணியாச்சா?"



ஏழுமலை டப்பாவைத் திறந்து துப்பி மூடினார். "பொருத்தம் முடிஞ்சுதுங்க. பொண்ண அனுப்பி வைங்க. நீங்களும் கல்யாணத்தன்னிக்கு வாசல் வரைக்கும் வந்துடுங்க. வழக்கமா வர்ற தூரம்தானே?"

கதிரேசன் சிரிப்பை அடக்கக் குடையைத் தாழ்த்திக்கொண்டான்.

தணிகாசலம் அந்த வாசலில் காறித் துப்பிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு திரும்பினார் என்று உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். திருமணம் ஆவணியில் நடக்கிறது. அவருக்கு வாய் நிறைய ஊறியது உண்மை. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை விழுங்கினார்.