ஏழுக்குக் குரல் கொடுத்தவள்

முகையூரைத் தாண்டி ஆற்றங்கரையில் வேன் வந்து நின்றபோது மணி பதினொன்றரை. அன்று கல்லறைத் திருநாள். காலையிலேயே ஊர்க் கல்லறையில் பவுலினுக்குச் சாமந்திப்பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபம் சொல்லி முடித்தாயிற்று. அப்படியே திண்டிவனம் திரும்பியிருக்கலாம். பவுலினின் புருஷன் ஆஸ்வின்தான் கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வெனிலாவுக்கு மட்டும் கால் எழவில்லை.

ஏன் எழவில்லை என்பதற்கு இந்தக் குடும்பத்தின் கூத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெனிலாவின் புருஷன் அமலதாஸ் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். வருஷத்துக்கு நாலு தடவையாவது சொந்தபந்தத்தைத் திரட்டி வேனில் ஏற்றிக்கொண்டு எங்காவது போகாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. காணும் பொங்கலுக்கு மரக்காணம் கடற்கரை. வெயில் காலத்தில் ஏதாவது ஏரிக்கரையில் நுங்கு. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நாளில் யாராவது ஒரு சொந்தக்காரர் நிலத்தில் பானை வைத்து அவித்துத் தின்பது. மழைக்காலத்தில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் இந்த ஆற்றங்கரையில் கறிசோறு.

ஒரு தடவை மரக்காணத்தில் சவுரியம்மாள் சித்தியை மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நல்லவேளை, அந்தம்மா பஸ் பிடித்து வந்து கிழி கிழியென்று கிழித்தாள். அன்றைக்கே மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு எண். அவர் விசில் ஊதினால் வரிசையாக அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். பதினொன்று வரை குரல் வந்தால் வண்டி கிளம்பும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வெனிலா ஆறு. அமலதாஸின் தங்கச்சி பவுலின் ஏழு. பவுலினின் ஒரே மகள் ஜெனித் எட்டு.

வெனிலாவுக்கு யார் குரலையும் அச்சு அசலாகப் பேச வரும். அதிலும் பவுலின் மூக்கால் இழுத்து “ஏழூ” என்பதை அவள் செய்து காட்டினால் வேனே சிரித்து உருளும்.

போன வருஷம் இதே கரையில்தான் பவுலின் பத்துப் பேர் முன்னால் சொன்னாள். “அண்ணி வச்ச கொழம்பா இது? நாய்க்கு ஊத்துனாலும் உப்புப் போட்டுத்தான் ஊத்துவாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அமலதாஸும் சிரித்தார். ஊரையே கிண்டல் செய்கிற வெனிலாவுக்கு அந்த ஒரு கிண்டல் பொறுக்கவில்லை. அப்போது மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் ஓடிவந்து வேனில் ஏறினார்கள். ஜன்னல் வழியாக வெனிலா பார்த்தாள். பவுலின் குழம்புக் குண்டானைத் தேய்க்க ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது. ஆறு என்று தன் குரலில் சொன்னாள் வெனிலா. பிறகு மழை இருட்டில் தலையைக் குனிந்துகொண்டு மூக்கால் சொன்னாள்.

“ஏழூ.”

அரை மணி நேரம் மழையில் நிற்கட்டும் என்றுதான் நினைத்தாள். மெயின் ரோடு டீக்கடையில் சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பிப்போய் ஏற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெனித் “அம்மா எங்க?” என்று அழுதுவிட்டாள். திரும்பினால் வழியில் புளியமரம் சாய்ந்து கிடந்தது. அதை வெட்டி இழுக்க இரண்டு மணி நேரம். அதற்குள் ஆற்றில் வெள்ளம் வந்து போயிருந்தது. மறுநாள் மூன்று கிலோமீட்டர் கீழே, நாணல் புதரில் பவுலின் கிடைத்தாள்.

ஏழு என்று எல்லோர் காதும் கேட்டிருந்தது; அது வெனிலாவின் கிண்டல் குரலாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் எண்ணைச் சொல்லிவிட்டு, குண்டான் ஞாபகம் வந்து அவளே இறங்கிப் போய்விட்டாள் என்று முடிவாயிற்று. திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்த பாவி நான்தான் என்று அமலதாஸ் பாதி ஆளாகிப்போனார். ஆஸ்வின் பத்து மாசம் அவரிடம் பேசவில்லை. அவனுக்குச் சென்னையில் வேலை என்பதால் ஜெனித் இவர்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். தலை பின்னிவிடும்போதெல்லாம் அவள் வெனிலாவிடம் கேட்பாள். “அம்மா ஏழு சொல்லிட்டு, எங்கிட்ட சொல்லாம ஏன் அத்தை எறங்கிச்சு?”

“தெரியலியேம்மா” என்பாள் வெனிலா. சொல்லும்போதே நாக்கு கூசும். என்ன ஜென்மம் நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்வாள். ஆனாலும் சொல்ல மாட்டாள்.

இப்போது வேறு வழியில்லாமல் இறங்கினாள்.

மேகம் மூடியிருந்தது. உச்சிப்பொழுது என்று நம்ப முடியாத மங்கல். காற்று துளிகூட இல்லை. ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்வின் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினான். அணைந்தது. மறுபடி கொளுத்தினான். அணைந்தது.

“காத்தே இல்லியே மச்சான்” என்றான் மெதுவாக.

அப்போதுதான் வெனிலாவுக்கு அந்த வாசனை வந்தது. கறிக்குழம்பு. யாரும் சமைக்கவில்லை. ஈரச் சேற்று நாற்றத்துக்கு நடுவே மிளகும் பட்டையும் தேங்காயும் சூடாக வந்தன.

பிறகு சத்தம்.

சரக். சரக். சரக்.

மணலைப் போட்டுக் குண்டான் தேய்க்கிற சத்தம். தண்ணீர் ஓரத்தில் ஆளில்லை. வெனிலா மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. ஜெனித் மட்டும் ஆற்றைப் பார்க்காமல் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

“போலாம்ங்க” என்றாள் வெனிலா. “ஜல்தியா போலாம்.”

எல்லோரும் வேனில் ஏறினார்கள். அமலதாஸ் விசிலைத் தொடவில்லை. சாவியைத் திருகப் போனார்.

“எண்ணுங்க மாமா” என்றாள் ஜெனித்.

“வேணாம்மா.”

“எண்ணுங்க.”

பிள்ளை கேட்கிறாளே என்று அவரே “ஒண்ணு” என்று ஆரம்பித்தார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று செத்த குரல்களாக வந்தன. வெனிலா “ஆறு” என்றாள்.

அதற்கு மேல் எட்டுதான் வர வேண்டும். ஜெனித் சொல்லவில்லை. காத்திருந்தாள்.



“ஏழூ.”

வெனிலாவின் வாயிலிருந்துதான் வந்தது. அவள் சொல்லவில்லை. நாக்கு தானாக மேலே எழும்பியது. உதடு தானாகப் பிரிந்தது. வாய் முழுக்க ஆற்றுத் தண்ணீர் சுரந்தது. பல்லுக்கு நடுவில் மணல் நறநறத்தது.

“அக்கா!” ஆஸ்வின் எழுந்தே விட்டான். “இன்னிக்குமா இந்த வெளையாட்டு? மனுசிதானா நீங்க?”

அமலதாஸ் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

“எட்டு” என்றாள் ஜெனித், பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதைப் போல.

விழுப்புரத்தில் சொந்தக்காரர்கள் இறங்கும்போது வெனிலாவிடம் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அவள் முந்தானையில் மணலைத் துப்பிக்கொண்டே வந்தாள். துப்பத் துப்ப வந்துகொண்டிருந்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஆஸ்வின் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சென்னை பஸ்ஸுக்குப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அமலதாஸ் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வேனை வித்துடப் போறேன் வெனிலா. என்னாலதான அவ செத்தா? தெனம் கண்ணை மூடுனா அதேதான். ஒருவாட்டி திரும்பிப் பார்த்திருந்தா என் தங்கச்சி இருந்திருப்பா.”

வெனிலாவுக்குள் ஒரு வருஷமாக அடைத்திருந்தது உடைந்தது. போதும். அடிக்கட்டும், வெளியே துரத்தட்டும், பரவாயில்லை. இந்த மனுஷன் தலையிலிருந்து அந்தப் பழி இறங்கினால் போதும்.

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஜெனித் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“சொல்லாதீங்க அத்தை.”

“எதம்மா?”

“ஏழு சொன்னது நீங்கதான்னு. எனக்குத் தெரியும்.”

வெனிலா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “யாரு சொன்னா உனக்கு?”

“அம்மாதான்.” குழந்தை ரகசியமாகச் சொன்னாள். “நீங்க மத்தியானம் தூங்குறீங்க இல்ல, அப்ப உங்க வாயில அம்மா பேசும். கிறிஸ்துமஸ் லீவுலேர்ந்து பேசிக்கினுதான் இருக்குது. பாட்டுப் பாடும். சாப்டியான்னு கேக்கும். என்னை வுட்டுட்டு அது போகலியாம் அத்தை. நீங்கதான் வுட்டுட்டு வந்தீங்களாம்.”

கிறிஸ்துமஸுக்குப் பிறகு இவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது வெனிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“உங்க மேல எனக்குக் கோவம் இருந்திச்சு. இப்ப இல்ல. நீங்க இருந்தாத்தான அம்மா வரும்?” ஜெனித்தின் கண் நிறைந்தது. “ஆனா மாமாகிட்ட சொல்லிட்டீங்கன்னா அது போயிடுமாம். அப்புறம் வரவே வராதாம். கால்ல உழறேன் அத்தை. சொல்லாதீங்க.”

உண்மையாகவே குனிந்து காலைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயசு. வெளியே அமலதாஸ் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வெனிலா? என்னமோ சொல்லணும்னியே?”

ஒரு பக்கம் புருஷன். ஒரு பக்கம் ஏற்கெனவே ஒரு தடவை தாயைப் பறிகொடுத்த பிள்ளை. அதை மறுபடியும் தன் வாயாலேயே எப்படிச் செய்வது?

“ஒண்ணும் இல்லைங்க” என்றாள் வெனிலா.

அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்து போவது கேட்டது. நடையில் உயிரே இல்லை.

ஜெனித் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயை விரித்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். “படுங்க அத்தை.”

வெனிலா படுத்தாள். தூங்கவே கூடாது, இன்றைக்கு மட்டுமல்ல, இனி பகலிலும் ராத்திரியிலும் கண்ணை மூடவே கூடாது என்று தீர்மானித்து விட்டத்தை வெறித்தாள். பக்கத்தில் குழந்தை கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள்.

கண் திறந்தே இருந்தது. காகம் கரைவதும் தெருவில் ஆட்டோ போவதும் தெளிவாகக் கேட்டன.

வாய் மட்டும் மெல்லப் பிரிந்தது.

“வந்துட்டியா பாப்பா? கிட்ட வா. இனிமே அண்ணி தூங்கட்டும்னு நாம காத்துக்கினு இருக்க வேணாம்டி.”