இக்கடிதம் கொண்டு வருபவள்

ஆகஸ்ட் மாதத்து மத்தியானம். அமெரிக்காவின் தெற்கே, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து காற்று வரவில்லை, சேற்று நாற்றம்தான் வந்தது. வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, லவீனியா, ஹாலோவே குடும்பத்து வீட்டின் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தாள். அந்தக் குடும்பத்தின் பழைய கடிதங்களை வாங்கி வர நூலகம் அவளை அனுப்பியிருந்தது. அவளுக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது. அவள் வம்சத்தில் ஒருத்தி இந்த வீட்டில் அடிமையாக இருந்து துணி வெளுத்தவள். அந்த மூதாட்டியின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

எழுபது வயது ஹாலோவே பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, ஐஸ் போட்ட தேநீரும் வைத்திருந்தார்.

மூன்றாவது பெட்டியில் நாடா கட்டிய ஒரு கட்டு. வெகுகாலமாக யாரும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை. லவீனியா அவிழ்த்தாள். மேலாக இருந்த கடிதம், 1846-இல் அந்நாளைய ஹாலோவே ஒருவர், அடிமைகளைக் கூலி வாங்கிக்கொண்டு அடிக்கும் நகரத்துத் தண்டனைக் கூடத்துக்கு எழுதியது.

'இக்கடிதம் கொண்டு வரும் டார்க்கஸ், எங்கள் வீட்டில் துணி வெளுப்பவள். நேற்று என் மனைவியை எதிர்த்துப் பேசினாள். இருபது கசையடி கொடுத்துத் திருப்பி அனுப்பவும். அவளுக்குப் படிக்கத் தெரியாது.'

பின்பக்கத்தில் வேறொரு கையெழுத்து: 'கொடுத்தாயிற்று.'

என்னவென்று தெரியாமலே தன் அடியைத் தானே சுமந்துகொண்டு போயிருக்கிறாள் டார்க்கஸ்.

எட்டிப் பார்த்த ஹாலோவே சட்டென்று கடிதத்தை உருவிக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம்மா. மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க."

"சார், எங்க ஆளோட பேரு அதுல மட்டும்தான் இருக்கு."

"அடுத்த மாசத்துலேர்ந்து இந்த வீட்டைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறேன். இது வெளிய வந்தா எந்தப் பொண்ணு இங்க வந்து மோதிரம் மாத்துவா? செத்தவங்களக் கிளறி யாருக்கு என்ன லாபம்?"

பின்கதவைத் திறந்துகொண்டு, சருகு எரிக்கும் தொட்டியை நோக்கி நடந்தார். லவீனியா பின்னாலேயே ஓடினாள்.

செங்கல் பாவிய நடையில் அவர் கால் வைத்ததும் சிள்வண்டுகளின் இரைச்சல் அடங்கியது. சவக்காரத்தின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

சாட்டைச் சத்தம்.

ஹாலோவேயின் வெள்ளைச் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. உள்ளே முதுகும் கிழிந்திருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

இரண்டாவது அடியில் முழந்தாளிட்டு விழுந்தார். மூன்றாவதில் அலறினார். நான்காவதில் சதை பிய்ந்து செங்கல்லில் தெறித்தது.

"அந்தக் காகிதத்தைக் கீழ போடுங்க சார்!"

"விரல் பிரிய மாட்டேங்குது..." உதட்டைக் கடித்ததில் ரத்தம் தாடையில் வழிந்தது. "நீ வாங்கிக்கோ... ஐயோ, வாங்கிக்கோம்மா..."

ஒன்பது. பத்து. வாங்கினால் தன்மேல் விழும் என்று அவளுக்குப் புரிந்தது. கிடந்து சாகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பதினொன்றாவது அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

லவீனியா கடிதத்தைப் பிடித்து இழுத்தாள். கிழவரின் விரல்கள் உடனே விட்டுக்கொடுத்தன.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சாட்டை காற்றைக் கிழித்து வந்தது. விழுந்தது.

அவள்மேல் இல்லை.

அவளுக்கு ஒரு சாண் பின்னால், ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். லவீனியாவின் பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது. மறுபடியும் அடி. மறுபடியும் அந்த முனகல்.

"போதும், விட்டுடு... அவள விட்டுடு..." என்று லவீனியா காற்றைப் பார்த்துக் கதறினாள்.

இருபதில்தான் நின்றது.

ஆம்புலன்ஸ் வந்தபோது ஹாலோவேக்கு உயிர் இருந்தது. யார் இப்படி அடித்தது என்று ஓட்டுநர் கேட்டார். லவீனியா கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்கிய செவிலி, லவீனியாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள், குரல் எழும்பாமல். "உங்க பின்னாடி நிக்கிறாங்களே, அவங்களக் கொஞ்சம் புடிங்க. விழுந்துடப் போறாங்க."

லவீனியா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

வெந்நீரில் ஊறிக் காய்த்துப்போன விரல்கள் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டன.