வாய் இல்லாத முகம்

காலையில் எழுவேன். மோட்டார் போடுவேன். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் பிடிப்பேன். எங்கள் சமண வீடுகளில் வடிகட்டாத தண்ணீர் அடுப்படிக்குள் வராது. பால் காய்ச்சுவேன். மகள் சுவாதியை எழுப்பி, பல் தேய்த்துவிட்டு, சடை பின்னிப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவேன். பிறகு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் உரக்கடையைத் திறப்பேன். திரிசலா இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை. சடை மட்டும் கோணலாக வருகிறது.

திரிசலா என் மனைவி. பழைய அரேபியாவின் கல்லறைக் கற்களை ஆராய்ந்தவள். சென்னையில் முனைவர் பட்டம் வாங்கினாள். அதன் பிறகு குளிர்காலம் வந்தால் சவூதியின் வடமேற்குப் பாலைவனத்தில் அகழாய்வுக்குப் போய்விடுவாள். செத்துப்போன எழுத்துகளை நான் தினத்தந்தி படிப்பதுபோலப் படிப்பாள். அவள் அக்கா ஜீவரத்தினம் விடாமல் கேலி செய்வாள்.

"வாசல்ல ராஜகிரி நிக்குது. அத வுட்டுட்டு எவன் ஊட்டுக் கல்லையோ பாக்கப் போறியேடி."

"நம்ம கோட்டைக்கு டிக்கெட் கிழிக்கக்கூட ஆள் இருக்குதுக்கா. அந்தக் கல்லுங்களுக்கு யார் இருக்காங்க?"

கல்லை அங்கிருந்து எடுத்துவர முடியாது. அதனால் தடித்த காகிதத்தை நனைத்துக் கல்லின்மேல் ஒட்டுவார்கள். பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்குவார்கள். காய்ந்ததும் உரித்தால் கல்லின் மேடுபள்ளம் முழுக்கக் காகிதத்தில் இருக்கும். அதன் பிறகு அதில் தண்ணீர் படக் கூடாது. பட்டால் எழுத்து செத்துவிடும் என்பாள்.

அவள் அறையில் அப்படிப் பல தாள்கள் தொங்குகின்றன. ஒன்றில் ஒரு முகம். இரண்டு கண்கள், நீளமான மூக்கு. கீழே இறந்தவனின் பெயர். வாய் இல்லை.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்தவங்களுக்குத் தாகம் எடுக்கும்னு அந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை இருந்துச்சு. புதைச்ச எடத்துலேர்ந்து தண்ணி கேட்டுக் குரல் வருமாம். கேக்க வேணாம்னுதான் வாய வெக்காம வுட்டாங்களோ என்னவோ. நிரூபிக்க முடியாதுங்க."

சிரித்தாள்.

போன முறை காய்ச்சலோடு திரும்பினாள். புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அக்கா வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கூட இருந்தது நான் மட்டும்தான்.

சுவாதியைப் பார்த்துக்கொள்ள அக்கா எங்களோடு தங்கினாள். திரிசலாவின் போட்டோவை அந்த அறையில், அந்த முகத்துக்குக் கீழே மாட்டினாள். ஆணி அங்கேதான் இருந்தது. பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதற்கு முன்பாக எல்லோரும் கடைசித் தண்ணீர் குடிக்கிற நேரத்தில், போட்டோவுக்கு முன்னால் ஒரு சொம்பு வைத்தாள். இறந்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம் இல்லை. அதைச் சொன்னேன்.

"வழக்கத்த நீயே வெச்சிக்க தம்பி. காய்ச்சக்காரி, தண்ணி தண்ணின்னுதான் போயிருப்பா."

காலையில் சொம்பு காலி. பூனை என்றேன். மறுநாள் கதவைப் பூட்டிவைத்தோம். அப்போதும் காலி. அக்கா சந்தோஷத்தில் அழுதாள்.

நான் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்.

மழை கண்டு வெகுகாலமான மண்ணின் வாடை அடித்தது. மூக்குக்குக் கீழே காகிதம் லேசாக உப்பியிருந்தது.

அக்கா சொம்பை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்தாள்.

அந்த வாரம் சுவாதியின் உதடு வெடித்தது. குடிக்கக் குடிக்க இன்னும் கேட்டாள். அழுதால் கண்ணீர் வரவில்லை. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். பாட்டில் தீர்ந்தது. நாக்கு அப்படியே வறண்டு கிடந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் காதருகே வந்தாள்.

"நைனா, அம்மா ரூம்ல இருக்கறவருக்கு வாய் வந்துட்டுது."

போய்ப் பார்த்தேன்.

வந்திருந்தது.

மேலுதடு, கீழுதடு. நடுவில் ஒரு பிளவு. அது கறுப்பாக, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பின்னால் வெறும் சுவர்தான்.

குடத்தைத் தூக்கி முற்றத்தில் கொட்டினேன். அன்று தண்ணீர் வைக்கவில்லை. விடிந்தபோது சுவாதியின் கைத்தோல் கசங்கிய துணிபோல் சுருங்கியிருந்தது. கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. குடம் இல்லாதபோது அது எங்கே குடித்தது என்று எனக்குப் புரிந்தது.

தாளைக் கழற்றி எரிக்கப் பார்த்தேன். தீ பிடிக்கவில்லை. தண்ணீர் பட்டால் எழுத்து செத்துவிடும் என்று அவள் சொன்னதுதான் மிச்சமிருந்தது. சுருட்டிப் பைக்கில் கட்டிக்கொண்டு பனமலை ஏரிக்குப் போனேன். உச்சிவெயில். ஆள் இல்லை. தாளைத் தண்ணீரில் அமுக்கினேன்.

முதலில் பெயர் கரைந்தது. பிறகு கண்கள், மூக்கு.

வாய் கரையவில்லை.

அது திறந்தது.

என் காலடியில் நனைந்த சேறு வெளியே தெரிந்தது. கரையிலிருந்து தண்ணீர் உள்வாங்கிக்கொண்டிருந்தது. பைக்கை எப்படி எடுத்தேன் என்று நினைவில்லை.

வீட்டில் சுவாதி தரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். உதட்டில் ஈரம் இருந்தது.

"ரெண்டாவது தோசை தம்பி. சட்னி காரம்னு என்னைய திட்றா, உம் பொண்ணு," என்றாள் அக்கா.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பல நாளைக்குப் பிறகு பசித்தது.

பொழுது சாயும் நேரம். எல்லோரும் கடைசித் தண்ணீர் குடித்தோம். அக்கா சொம்பைக் கழுவிக் கவிழ்க்கப் போனாள்.

"அக்கா."

மூடிய அறைக்குள்ளிருந்து வந்தது. திரிசலாவின் குரல். அதே இழுப்பு.

"தாகமா இருக்குதுக்கா."

பெயரும் கண்ணும் ஏரியில் போய்விட்டன. வாய் மட்டும் திரும்பி வந்திருந்தது. வாய்க்கு இப்போது ஒரு குரலும் கிடைத்திருந்தது.

அக்கா சொம்பை நிரப்பினாள். நான் கதவை மறித்து நின்றேன்.

"வழி வுடு தம்பி."

"அது அவ இல்லக்கா."

"எங்கூடப் பொறந்தவ கொரலு எனக்குத் தெரியாதா? கடசியாவும் இதத்தான கேட்டிருப்பா? சொல்லு. நீதான கூட இருந்த?"

சுவாதி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் கீழுதட்டில் புதிதாக ஒரு கீறல் விட்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மரத்தை நக்கும் சத்தம் கேட்டது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது சொன்னேன். ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைத் திரிசலாவின் வாயருகே கொண்டுபோனேன். அவள் அதை என் பக்கமே தள்ளினாள்.

"எனக்குத் தாகம் இல்ல. நீங்க குடிங்க, பொழுது போவுது."